காரா, வேனா? கைத்தொழில் செய்வோர் சிந்தனைக்கு

சொந்தக் கையை நம்பித் தொழில் செய்யும் குடும்பத்தில், 'இருசக்கர வண்டியால் இனி முடியாது' என்ற நிலை ஒரு நாள் வந்தே தீரும். அவர் மின் பணியாளராக இருக்கலாம், தச்சராக இருக்கலாம், குழாய் வேலை செய்பவராகவோ குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவராகவோ இருக்கலாம். பின்னால் அமர்ந்தவர் ஏணியைத் தோளில் தாங்க, முன்னால் அமர்ந்தவர் கருவிப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் ஓட்டுவது?

அந்த நாளில் வீட்டில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "கார் வாங்குங்கள். பிள்ளைகளோடு கல்யாணம் காட்சிக்குப் போய் வரலாம். உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்" என்பது ஒரு குரல். "வேன் வாங்கினால்தான் தொழில் வளரும். தொழில் வளர்ந்தால் கார் தானாக வரும்" என்பது மற்றொரு குரல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முடிவை எடுப்பது இந்த இரண்டு நியாயங்களும் அல்ல, மூன்றாவதாக ஒன்று. அதன் பெயர் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்பது.

ஒரு சகோதரரின் அனுபவம்

நான் அறிந்த சகோதரர் ஒருவர் வளைகுடா நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் குளிர்சாதனத் தொழில்நுட்பப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பினார். கையில் தொழில் இருந்தது. ஓரளவு சேமிப்பும் இருந்தது. வாகனம் வாங்க எண்ணியபோது உறவினர்கள் கூடி, "இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் சரக்கு வண்டியிலா போவது?" என்று கேட்டார்கள். கார் வாங்கினார்.

வாரத்தில் ஒரு நாள் குடும்பம் அந்தக் காரில் சென்றது. மற்ற நாட்களில் பின் இருக்கை மடிக்கப்பட்டு, செம்புக் குழாய்ச் சுருள்களும் வாயு உருளைகளும் அதில் ஏறின. ஒரு நாள், வாடிக்கையாளருக்கு விற்ற இரண்டு புதிய குளிர்சாதனப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும்போது, வளைவு ஒன்றில் கார் பாலத்துச் சுவரில் மோதியது. அவர் உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் காரின் முன்பகுதி நொறுங்கிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தார் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி: "காரில் விற்பனைச் சரக்கு ஏற்றினீர்களா?" அவர் உண்மையைச் சொன்னார். இழப்பீடு மறுக்கப்பட்டது.

'ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தேனே!' என்று அவர் வருந்தினார். பணம் கட்டியது உண்மைதான். ஆனால் எதற்காகக் கட்டினோம் என்பதை அவர் படித்துப் பார்த்திருக்கவில்லை.

பத்திரத்தில் ஒரு வரி

தனியார் காருக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி உண்டு. வாடகைக்கு ஓட்டுதல், பந்தயத்தில் ஓட்டுதல் ஆகியவற்றோடு, 'மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயணச் சுமையும் தவிர்த்த சரக்கை ஏற்றுதல்' என்பதும் காப்பீட்டின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும். சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும் இந்த வரியைத்தான் நம்மில் பலர் படிப்பதில்லை.

ஆகவே அன்பு வாசகர்களே, இன்றே உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், 'நான் இன்ன தொழில் செய்கிறேன், இன்ன பொருள்களை ஏற்றிச் செல்வேன்' என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்லும் "பரவாயில்லை" விபத்து நாளில் உதவாது.

சரக்கு வேனின் நிலை வேறு. சொந்தச் சரக்கை மட்டுமே ஏற்றினாலும் சட்டம் அதனைப் போக்குவரத்து வாகனமாகவே கருதுகிறது. அதற்கு மஞ்சள் நிற எண் பலகை உண்டு. காரைப் போலப் பதினைந்து ஆண்டுகள் கவலையின்றி இருக்க முடியாது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. 'குட்டி யானை' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் போன்றவை இந்த வரம்புக்குள் அடங்குபவை.

'மஞ்சள் பலகை வண்டிக்குத் தனி உரிமம் வேண்டுமே!' என்ற அச்சமும் பலரிடம் உண்டு. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே உரிமத்தைக் காரணம் காட்டி வேனை ஒதுக்க வேண்டியதில்லை.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கும் சரக்கு வேனுக்கும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடுதான். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றுத் தொழில் செய்பவர், சரக்கு வேனுக்குச் செலுத்திய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சொந்த உபயோகக் காருக்கு அந்தச் சலுகை இல்லை.

பெருநாளும் சரக்கு வண்டியும்

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்படியானால் வேன்தான்' என்று அவசரப்பட வேண்டாம். வேன் வாங்கிய வீடுகளில் வேறொரு தவறு நடக்கிறது.

பெருநாள் தொழுகை முடிந்து, பக்கத்து ஊர் உறவினர் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். வாசலில் சொந்த வண்டி நிற்கிறது. பின்னால் பாய் விரித்து, பெண்களையும் குழந்தைகளையும் அமர்த்தி, "மெதுவாகத்தானே போகிறோம்" என்று கிளம்பிவிடுகிறோம். சரக்குத் தட்டில் இருக்கைப் பட்டை கிடையாது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. திடீரென்று வண்டி நின்றால் குழந்தையைத் தடுக்க ஒன்றும் கிடையாது.

சட்டத்தின் நிலையும் கடுமையானதே. சரக்கு வாகனத்தில் பயணிகளாக ஏறிச் செல்பவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் மட்டுமே விதிவிலக்கு. நம் மனைவி மக்கள் சரக்கின் பிரதிநிதிகள் அல்லர்! டாடா ஏஸில் ஓட்டுநரையும் சேர்த்து இருவருக்கே இடம் உண்டு. அந்த எண்ணிக்கையை மதியுங்கள். பெருநாளன்று ஒரு வாடகைக் கார் அமர்த்துவது வீண் செலவு அல்ல.

அளந்து பார்த்து வாங்குங்கள்

தொழிலுக்குத் தொழில் சுமை மாறும். எனவே விற்பனை நிலையத்துக்குப் போகும்போது அளவு நாடாவைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

தச்சருக்கு ஒட்டுப்பலகை எட்டடிக்கு நான்கடி. டாடா ஏஸின் தட்டு ஏறத்தாழ ஏழேகால் அடி நீளம். அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. பலகையைப் படுக்க வைத்தால் முக்கால் அடி வெளியே நீளும். முன்பக்கம் சாய்த்து நிறுத்திக் கட்ட வேண்டும். காரிலோ அதனை மேற்கூரையில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. குழாய்ப் பணியாளருக்கு இருபது அடிக் குழாய் காரிலும் அடங்காது, சிறு வேனிலும் அடங்காது. அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிச் சரக்கு வெளியே நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத வருமானத்தை இழக்கலாமா? நீளமான குழாயைக் கடைக்காரரே வேலை நடக்கும் இடத்தில் இறக்கித் தருமாறு ஏற்பாடு செய்துகொள்வதே அறிவுடைமை.

குளிர்சாதனப் பணியாளருக்கு எடையைவிட வாயு உருளையே முக்கியக் கவலை. புதிய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 என்ற வாயு தீப்பற்றக்கூடியது. கண்ணாடிகள் மூடிய காருக்குள், சித்திரை வெயிலில், அந்த உருளையை வைத்துவிட்டுத் தொழுகைக்கோ உணவுக்கோ செல்வது ஆபத்தை நாமே அழைப்பதாகும். மாலையில் அதே இருக்கையில்தான் நம் குழந்தை அமரப் போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மின் பணியாளரின் நிலை இதற்கு மாறானது. அவருடைய அன்றாடச் சுமை ஒரு கருவிப் பெட்டி, சில கம்பிச் சுருள்கள், மடக்கு ஏணி ஒன்று. பழுது பார்ப்பு மட்டுமே செய்து, பொருள்களை வீட்டுக்காரரையே வாங்கித் தரச் சொல்பவருக்குப் பூட்டும் வசதியுள்ள சிறிய கார் போதுமானதாக அமையலாம். திறந்த தட்டுள்ள வண்டியில் கருவிகளை இரவில் விட்டுவைக்க முடியாது. மழைக்கும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

நடுவழி ஒன்று

காரும் வேனும் கலந்த உருவில் வருபவை உண்டு. 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி ஆம்னியை நம் ஊர்களில் அறியாதார் யார்? 2010 முதல் விற்பனையில் உள்ள ஈகோ, ஐந்து இருக்கைகளோடு பயணிகள் வண்டியாகவும், முன் இருக்கைகள் மட்டும் கொண்ட சரக்கு வண்டியாகவும் கிடைக்கிறது. சுமை குறைந்த தொழிலும் நடுத்தரக் குடும்பமும் உள்ளவருக்கு ஐந்து இருக்கை வண்டி ஏற்றதாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் முன் அதுவும் கார்தான். மேலே சொன்ன காப்பீட்டு வரம்பு அதற்கும் பொருந்தும். பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரக்கு வண்டியாக்கிக்கொள்ளும் வழக்கமும் தவறு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

பணம் எங்கிருந்து?

வட்டியைத் தவிர்த்து வாழ விரும்பும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. மாதத் தவணை சிறிதாகத் தோன்றும். அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி பெரிதாக இருக்கும். கையிருப்புக்குள் அடங்கும் பழைய வண்டி ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தபின் புதியதற்கு மாறுவது பலருக்கும் இயலும் வழி. சில ஊர்களில் ஜமாஅத்தின் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் வழங்குகிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவோர் நான்கை மறவாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டதா? சரக்கு வண்டியானால் எஃப்.சி. எந்தத் தேதி வரை? கட்டாத அபராதங்கள் உண்டா? கடைசியாக, காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட்டீர்களா? 'பெயர் மாற்றம் பிறகு பார்க்கலாம்' என்று விட்ட வண்டிகளால் நீதிமன்றம் ஏறியவர்கள் பலர்.

ஒரு மாதக் கணக்கு

இவ்வளவும் அறிந்தபின் முடிவை எப்படி எடுப்பது? இல்லத்தரசிகளே, இங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டை எடுங்கள். கணவரோ மகனோ மாலையில் வந்ததும், அன்று என்ன சுமை ஏற்றினார், எத்தனை கிலோமீட்டர் சென்றார், குடும்பத்துக்காக வாகனம் தேவைப்பட்டதா என்று மூன்று வரிகள் எழுதி வையுங்கள். ஒரு மாதம் போதும்.

மாத முடிவில் எண்ணிப் பாருங்கள். இருபத்தாறு வேலை நாட்களில் இருபது நாள் கனத்த சுமை இருந்து, குடும்பப் பயணம் மூன்றே நாள் என்றால், வேனை வாங்குங்கள்; அந்த மூன்று நாளுக்கு வாடகைக் கார் எடுங்கள். கனத்த சுமை மூன்று நாள்தான், மற்ற நாளெல்லாம் கருவிப் பெட்டியோடு சரி என்றால், காரை வாங்குங்கள். அந்த மூன்று நாளுக்குக் குட்டி யானையை வாடகைக்கு அழையுங்கள். அன்றாடத் தேவைக்கு வாங்குவது, அபூர்வத் தேவைக்கு வாடகை எடுப்பது என்பதே சூத்திரம். வருடத்தில் பத்து நாள் வரும் தேவைக்காக மற்ற நாட்களெல்லாம் பொருந்தாத வண்டியை ஓட்டுபவர், எரிபொருளிலும் பழுதுச் செலவிலும் ஒவ்வொரு நாளும் அபராதம் கட்டுகிறார்.

நாம் முதலில் கண்ட சகோதரர் இன்று என்ன செய்கிறார்? காரை வந்த விலைக்கு விற்றார். கையிலிருந்த தொகைக்கு ஐந்து வயதான சரக்கு வேன் ஒன்றை வாங்கினார். அதன் பக்கவாட்டில் தம் தொழிலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்தார். "சரக்கு வண்டியிலா போகிறாய்?" என்று கேட்ட உறவினர்களில் இருவர் இப்போது அந்த எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள். உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில் தெருமுனை ஆட்டோவோ வாடகைக் காரோ வருகிறது. அவருடைய உம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, முன்னாடி கார்ல போகும்போது காலுக்குக் கீழே குழாய் இருக்கும். இப்போ காலை நீட்டி உட்கார்ந்து போறேன்."

ஹலாலான உழைப்புக்குத் துணை நிற்கும் எந்த வண்டியும் இழிவானதன்று. உங்கள் வாசலில் நிற்கப் போகும் வண்டி, ஊரார் கண்ணுக்குப் பொருந்துவதைவிட உங்கள் குறிப்பேட்டுக்குப் பொருந்தட்டும். நீங்கள் செய்யும் பயன் எதுவோ, அதுவே அதன் ஆவணத்திலும் இருக்கட்டும். நாளைய மாலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அடுத்த மாதம் இந்நேரம், வீட்டில் எழுந்த இரண்டு குரல்களும் ஒன்றாகியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.