பம்ப்கின் பை ஏன் சொதசொதன்னு ஆகுது? தேங்க்ஸ்கிவிங் சமையலுக்கு எந்தப் பரங்கி சரி?

அக்டோபர் 31 ஹாலோவீன் முடிந்ததும் அமெரிக்க வீட்டு வாசல்களில் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய்கள் உட்கார்ந்திருக்கும். சில வாரங்களில், நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங். எங்கெங்கோ இருக்கும் குடும்பம் ஒரே மேஜைக்குத் திரும்பும் நாள். வான்கோழி, கிரான்பெர்ரி சாஸ், கடைசியில் பம்ப்கின் பை. அங்கே வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரர் ஒருவர், நண்பர் வீட்டு விருந்துக்கு "பை நான் செஞ்சு கொண்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் முதலில் தோன்றுவது இதுதான்: வாசலில் இருக்கிற காயையே வெட்டிட்டா என்ன?

முகம் செதுக்கி வெளியில் வைத்த காய் என்றால் வேண்டவே வேண்டாம், அது கெட ஆரம்பித்திருக்கும். செதுக்காத காயைச் சாப்பிடலாம். ஆனால் ருசி இருக்காது.

வாசல் காய் வேற, சமையல் காய் வேற

ஹாலோவீன் ரகங்கள் பெரிய உருவத்துக்காகவும் செதுக்க வசதியாகவும் வளர்க்கப்படுபவை. சதை நார் நாராக, தண்ணியாக இருக்கும், இனிப்பு குறைவு. சமையலுக்கென்று 'பை பம்ப்கின்' எனச் சின்ன ரகம் கடையில் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளில் அதுகூட இல்லை, டின்தான். அந்த டின்னுக்கான காய் அதிகம் விளைவது இல்லினாய்ஸ் மாநிலத்தில். பெரும்பாலும் 'டிக்கின்சன்' என்ற, வெளிர் பழுப்புத் தோல் கொண்ட நீளவாக்கு ரகம்.

தாவரவியல்படி அது குக்குர்பிட்டா மோஸ்கேட்டா இனம். நம்ம சமையலறைப் பரங்கிக்காயும் அதே இனம்தான். வாசல் காயோ குக்குர்பிட்டா பெப்போ. அதாவது, இந்தியன் ஸ்டோரில் கீற்றாக வெட்டி விற்கும் பரங்கி, டின்னில் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம்.

யாருடைய காய் இது?

பரங்கியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நம்ம ஊருக்கு ஐரோப்பியர் வழியாக வந்தது. 'பரங்கி' என்பதே அவர்களைக் குறித்த சொல். வட அமெரிக்கப் பழங்குடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்த்து, 'மூன்று சகோதரிகள்' என்றார்கள். 1621-ல் பிளிமத்தில் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட விருந்தில் பை இருந்திருக்க வாய்ப்பில்லை. கோதுமை மாவும் வெண்ணெயும் அவர்களிடம் ஏது? 1863-ல் லிங்கன் அறிவித்த பிறகுதான் இது ஆண்டுதோறும் வரும் தேசிய நாளானது. இதே வியாழக்கிழமையைப் பழங்குடிகள் பலர் 1970 முதல் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். இதுவும் அந்த மேஜையின் கதையில் சேர்ந்ததுதான்.

தண்ணீர்தான் வில்லன்

பரங்கிக் கூட்டு வைத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காய் எவ்வளவு தண்ணீர் விடும் என்று. பையில் அந்தத் தண்ணீர் தங்கினால் அடி மாவு ஊறிவிடும். எனவே வேக வைக்காமல், இரண்டாகப் பிளந்து, விதை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்க 200 டிகிரி செல்சியஸில் முக்கால் முதல் ஒரு மணி நேரம் சுட வேண்டும். சதையை மசித்து, அடி கனமான வாணலியில் கிளறிச் சுண்ட வையுங்கள். கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். அல்வா கிளறிய கைக்கு இது புரியும்.

சுமார் 425 கிராம் விழுதுக்கு 2 முட்டை, முக்கால் கப் சர்க்கரை, 350 மில்லி எவாப்பரேட்டட் மில்க், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள், அரை டீஸ்பூன் சுக்குத் தூள், கால் டீஸ்பூன் கிராம்புத் தூள். மில்க்மெய்ட் மாதிரி இனிப்பான பால் வேறு, மாத்தி ஊத்திடாதீங்க. கடையில் வாங்கிய பை மாவில் ஊற்றி, 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 175-ல் 40 முதல் 50 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். நடுவும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் மேலே வெடிப்பு விழும்.

இதையெல்லாம் புதன்கிழமையே முடித்துவிடுவது உத்தமம். வியாழக்கிழமை அவனை வான்கோழி மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். முட்டையும் பாலும் சேர்ந்தது என்பதால், ஆறிய பையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிச்சம் இருந்தால் வெள்ளிக்கிழமை காலை காபியோடு பலருக்கும் டிபன் அதுதான்.