இருபது வயதின் வினா

"பையன் என்ன செய்யப் போகிறான்?" பம்பாய் மாதுங்காவிலும், தில்லி கரோல்பாக்கிலும், கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், கல்லூரிப் படிப்பை முடிக்கும் மகனோ மகளோ இருப்பின், வரும் விருந்தினரெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விடை உடனே வாராவிடில் பெற்றோர் முகம் வாடுகிறது. அவ்வாறு தாமதிப்பது சோம்பலா, வளர்ச்சியின் ஒரு படியா என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினாவை உளநூலின் நடுவே கொணர்ந்து வைத்தவர் எரிக் எரிக்சன். 1902-இல் ஜெர்மனியில் பிறந்த அவரை மருத்துவராக்க விரும்பினார் வளர்ப்புத் தந்தை. அவரும் ஒரு மருத்துவரே. மகனோ ஓவியம் தீட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். 1927-இல் வியன்னா சென்று ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரான பின்னரே அவருக்கு வழி புலப்பட்டது. 'நான் யார், எப்பணிக்கு உரியவன்?' என்று இளமை தடுமாறும் நிலையைத் தன்னடையாள நெருக்கடி என்றார் அவர். நெருக்கடி என்றால் ஆபத்து அன்று. வழி பிரியும் இடம். கடன்பட்டவனுக்குத் தவணை நீட்டிக் கொடுப்பதுபோல், அப்பருவத்தினர்க்குச் சமூகம் சிறிது அவகாசம் தருகிறது என்பது அவர் கொள்கை.

1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற அறிஞர் இதனை இரண்டு கேள்விகளாக்கினார். இளைஞன் தேடிப் பார்த்தானா? ஒன்றைத் தனதெனப் பற்றினானா? இரண்டும் செய்தவன் உண்டு; இரண்டும் செய்யாதவனும் உண்டு; தேடிக்கொண்டே இருப்பவனும் உண்டு. நம் சிந்தனைக்கு உரியவன் நான்காமவன். தேடாமலே, தந்தை காட்டியதைப் பற்றிக்கொண்டவன் அவன். வெளிப்பார்வைக்கு அவனே 'நல்ல பிள்ளை'. அவனுடைய அமைதி பலகாலம் நிலைப்பதும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயின் வேலை கசக்கும் நாளில், வேறு எதற்கு உரியவன் தான் என்பதை அவன் அறியான்.

நம்மவர்க்கு இது இரட்டைச் சிக்கல். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, சிற்றப்பாவின் கடிதம் ஒன்றை நம்பி ரயிலேறிய தலைமுறைக்குத் தேர்வு என்பதே இல்லை, தேவை இருந்தது. அவர்களுடைய மக்களோ வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியும் பேசுகின்றனர். பம்பாயில் அவன் 'மதராஸி'. கோடை விடுமுறையில் தாத்தா ஊருக்குப் போனால் 'பம்பாய்க்காரன்'. எந்த ஊரான் என்ற வினாவும், என்ன வேலை என்ற வினாவும் ஒரே வயதில் வந்து நிற்கின்றன. நிலையான உத்தியோகம் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டும் தீர்ந்தன என்று பெற்றோர் நினைக்கின்றனர். தீர்வது ஒன்றுதான், அதுவும் சில வேளைகளில் மட்டுமே.

கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர் ஒருவரையே எண்ணிப் பார்ப்போம். சி. வி. ராமன் 1907-இல் நிதித்துறைத் தேர்வில் தேறி, பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞராக அங்கே அதிகாரியானார். இங்கிலாந்து சென்று பயில உடல்நிலை இடம் தரவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சியால் பிழைக்கவும் அந்நாளில் இந்நாட்டில் வழி அரிது. டிராமில் போகையில் பௌபஜார் வீதியில் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணிற்பட்டது என்பர். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அச்சங்கத்தின் ஆய்வுக்கூடமே அவருக்கு வீடாயிற்று. 1917-இல் குறைந்த ஊதியத்தை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு வந்ததை யாவரும் அறிவர். அதற்கு முற்பட்ட பத்தாண்டுகளே நமக்கு வேண்டுவன. அவர் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தேடவில்லை. உத்தியோகத்தில் இருந்துகொண்டே தேடினார்.

2000-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை உள்ள வயதைத் தனிப் பருவமாகவே கொள்ள வேண்டும் என்று எழுதினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கன்றோ இந்தப் பருவம் என்று சிலர் மறுத்தனர். மறுப்பு நியாயமானதே. பதினெட்டில் சம்பளம் கொண்டுவர வேண்டிய மகனிடம் அவகாசம் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆயினும் சம்பாதிப்பது தேடலுக்குப் பகை அன்று என்பதற்கு ராமனே சான்று.

தேடுபவனையும் திரிபவனையும் பிரித்தறிவது எப்படி? தேடுபவன் தடயம் விட்டுச் செல்வான்: ஒரு பட்டறையில் ஒரு மாதம் நின்றிருப்பான்; அத்தொழிலில் உள்ள ஒருவரைக் கண்டு பேசியிருப்பான்; 'இது எனக்கு ஆகாது' என்று காரணத்தோடு சொல்லுவான். அத்தகையவனுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ கெடு வைத்துக் கொடுக்கலாம். கெடுவில்லாத அவகாசம் இருவர்க்கும் வேதனை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பட்டப்படிப்பின் இடையே சான்றிதழுடன் வெளியேறவும் பின்னர் மீண்டும் சேரவும் இடமளிக்கிறது. நடைமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றுபோல் இல்லை. ஆதலின் மகனோ மகளோ விலகும் முன்னரே, திரும்பிச் சேரும் விதிகளை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்வது நலம்.