அடைபட்டது ஓரிடம், ஊமையானது வேறிடம்

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு பக்கம் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்பார்கள். இழுத்துக்கொண்டது கையும் காலும், அடிபட்டது மூளை. அங்கே ஒரு ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அதை நம்பியிருந்த பகுதி செத்துப்போகிறது. சேதம் அதோடு நிற்பதில்லை.

பக்கவாதம் வந்த நோயாளி ஒருவரிடம் "தீப்பெட்டி எது?" என்று கேட்டால் சரியாகத் தொட்டுக் காட்டுகிறார். பேச்சும் ஓரளவு சரளமாகவே வருகிறது. "தீப்பெட்டி என்று திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் மட்டும் "தீட்டி... பெப்பி..." என்று எழுத்துகள் இடம் மாறுகின்றன. தப்பு என்று அவருக்கே தெரிகிறது. மறுபடி முயல்கிறார், மறுபடி சறுக்குகிறது. சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதியும் அதை வாய்க்கு அனுப்பும் பகுதியும் பெரும்பாலும் பிழைத்திருக்க, இடையிலுள்ள வில் போன்ற நரம்பிழைக் கற்றை அறுந்ததே காரணம் என்பது மரபான விளக்கம். இணைப்பு அறுந்தால் இப்படியொரு கோளாறு வரும் என்று ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-லேயே கணித்திருந்தார்.

1914-இல் சூரிச் நகரின் நரம்பியல் மருத்துவர் மோனக்கோவ் இன்னும் ஒரு படி போனார். அடிபட்ட இடத்திலிருந்து தள்ளி, காயமே படாத பகுதிகளும் மங்கிப்போகும் என்றார். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை நின்றால், திரி சொருகுகிறவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பதுபோல. பின்னாளில் ஸ்கேன்கள் இதைக் கண்ணால் காட்டின: பெருமூளையின் வலப்பக்கம் அடைப்பு ஏற்பட்டால், சிறுமூளையின் இடப்பக்கம் சோர்ந்து கிடக்கலாம். சும்மா படுத்திருக்கும்போதுகூட, கைகளை இயக்கும் இடவலப் பகுதிகளுக்கு இடையிலான ஒத்திசைவு குறைகிறது. அது குறையக் குறையக் கையின் பலவீனமும் கூடுதலாகத் தெரிகிறது.

இந்தச் சேதம் எல்லோரையும் ஒரே அளவில் முடக்குவதில்லை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று புழங்கும் குடும்பங்கள் விருதுநகர் மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்கு நெருக்கமான ஆய்வொன்று ஐதராபாத்தில் நடந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவும் சிந்தனையும் சிதையாமல் தப்பியவர்கள், ஒரு மொழி மட்டும் பேசுவோரில் 19.6 சதவீதம், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரில் 40.5 சதவீதம். மொழி மாற்றி மொழி பேசிப் பழகிய மூளையில் மாற்றுப்பாதைகள் கூடுதல் என்பது அவர்கள் தந்த விளக்கம். நம்பத்தகுந்ததுதான், ஆனால் பேச்சிழப்பில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்பும் என்றும் இல்லை. தமிழில் தடுமாறுகிறவருக்குத் தெலுங்கு முன்னதாகவே கைகொடுக்கலாம் என்பதால், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் வீட்டார் அவர் இரண்டும் பேசுகிறவர் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.