பெங்களூரு பீப்பாயில் காணாமல் போகும் விஸ்கி: எங்கே போகிறது?

சந்தாபுரா பக்கம் ஓசூர் ரோட்டு மதுக்கடையில் 'விஸ்கி' என்று அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை பீப்பாயில் ஊறியவை அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸையோ தானியத்தையோ நொதிக்க வைத்து, 96% எரிசாராயமாக வடிக்கிறார்கள். தொழிலில் இதன் பேர் இஎன்ஏ. அதில் தண்ணீர், கொஞ்சம் மால்ட், நிறம் சேர்த்தால் பாட்டில் ரெடி. மொலாசஸில் செய்ததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது.

இதே ஊரில் இன்னொரு ரூட்டும் இருக்கு. 1948-ல் தொடங்கிய அம்ருத் நிறுவனம், மைசூரு ரோடு கம்பிபுராவில் பார்லி மால்ட்டை மட்டும் காய்ச்சி, ஓக் பீப்பாயில் ஊறவைத்து, 2004-ல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் விற்றது. 2010-ல் விமர்சகர் ஜிம் முர்ரே அதன் 'ஃபியூஷன்' விஸ்கிக்கு உலகில் மூன்றாம் இடம் தந்தார்.

சிக்கல் சூடுதான். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2% ஆவியாகும். 'கூல் சிட்டி'ன்னு நாம பீத்திக்கிற பெங்களூருவில் 10 முதல் 12%. 200 லிட்டர் ஊற்றி 12 வருஷம் வைத்தால் அங்கே 157 லிட்டர் மிஞ்சும். இங்கே சுமார் 50. ஆனா அதே சூட்டில் மரத்தின் சாரம் வேகமாக இறங்குவதால், நாலஞ்சு வருஷத்திலேயே பாட்டிலில் அடைக்கலாம். அதனால்தான் நம்ம மால்ட் பலவற்றில் வயசு போட்டிருக்காது.

2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, ஸ்காட்ச் மீதான 150% இறக்குமதி வரி முதலில் 75% ஆகி, பத்தாண்டுகளில் 40% ஆகும். வருஷா வருஷம் பத்தில் ஒரு பங்கை காற்றுக்குக் கொடுக்கும் கம்பிபுரா கிடங்கு, இனி அந்த விலையோடுதான் மோதணும்.