பையைச் சோதித்தால் போதுமா?

6 ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர். ஒருநாள் காலை, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் கிடந்த புகையிலைப் பொட்டலங்களைத் தூய்மைப் பணியாளர் அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். இருபதுக்கு மேல் இருக்கும். முதல் பாடவேளையிலேயே பைகளைச் சோதித்தோம். ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. மறுநாள் அவனுடைய அம்மா வந்தார். தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்க அவனை அடித்தார். நாங்கள் தடுக்கவில்லை. அந்த வாரமே 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதி டி.சி. கொடுத்து அனுப்பினோம். மற்ற பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள் என்று சொல்லி அதைப் பரிந்துரைத்தவன் நான்தான்.

அடுத்த ஆண்டு சந்தையில் அவனைப் பார்த்தேன். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். "வணக்கம் சார்" என்றான். கீழ் உதடு புடைத்திருந்தது. அவன் வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போதை என்றதும் நமக்கு ஊசியும் வெள்ளைப் பொடியும் நினைவுக்கு வருகின்றன. நம் வகுப்பறைக்குள் அது பெரும்பாலும் வருவது, சட்டைப் பையில் அடங்கும் புகையிலைப் பொட்டலமாகத்தான். 2019-ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். வாயில் போடும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 வயது நிறையும் முன்பே தொடங்கியிருந்தார்கள். அதாவது நான்காம், ஐந்தாம் வகுப்பில். ஒன்பதாம் வகுப்பில் பையைச் சோதிப்பது எவ்வளவு தாமதமான வேலை என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் போன்றவற்றை முகரும் பழக்கமும் உண்டு. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17 விழுக்காடு.

"கூடாத சேர்க்கை" என்று ஒரு வார்த்தையில் காரணத்தை முடித்துவிடுகிறோம். சேர்க்கையும் ஒரு காரணம்தான். ஆனால் பிள்ளை முதன்முதலில் புகையிலையைக் கையில் தொடுவது பல வீடுகளில் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ கடையில் வாங்கிவரப் போகும்போதுதான். மீதிச் சில்லறைக்கு மிட்டாயும் கிடைக்கும். நான் படித்த காலத்தில் ஆசிரியர்களே எங்களைச் சிகரெட் வாங்க அனுப்பியதுண்டு. இன்று அது இல்லை என்றாலும், வாயில் பாக்கோடு வகுப்புக்கு வருபவர்கள் நம்மில் ஒருவர்கூட இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அமிலம், காரம் பாடம் நடத்தும்போது இதைப் பேச ஒரு வழி கிடைத்தது. புகையிலையோடு ஏன் சுண்ணாம்பைச் சேர்த்துக் கசக்குகிறார்கள் என்று கேட்டேன். பலரும் "காரத்துக்கு சார்" என்றார்கள். நாக்கில் உறைக்கும் காரத்தைச் சொன்னார்கள். ஆனால் வேதியியலிலும் விடை அதுதான். காரச் சூழலில் நிக்கோட்டின் வாயின் மெல்லிய சவ்வை எளிதாகக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காகவே சுண்ணாம்பு. "அப்ப எங்க பாட்டி வெத்தலைல தடவுறதும் அதே வேலைதான் செய்யுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாக்கில் உள்ள பொருளுக்கும் ஏறக்குறைய அதே கதைதான் என்றேன். 'வெறும் பாக்குதானே' என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். புகையிலையே கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான். தொடர்ந்து மென்றால் வாயின் உட்சதை நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். நடுவிரல் மூன்றையும் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. காரமான குழம்பு திடீரென்று எரிச்சல் தருவதும் ஓர் அறிகுறி.

சென்ற ஆண்டு அப்படித்தான் ஒருவனைக் கவனித்தேன். சத்துணவில் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டான். கடைசிப் பாடவேளையில் இருக்கையில் நிலைகொள்ளவில்லை. இந்த முறை பையைத் தொடவில்லை. மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவனை நிறுத்திக்கொண்டு, "ஒரு நாளைக்கு எத்தனை போடுறே?" என்று கேட்டேன். 'போடுறியா?' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பான். "ஆறு சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். "போட்டா பசி தெரியாது சார். மேஸ்திரி அண்ணன்தான் குடுத்துச்சு." அவன் சொன்னது உண்மை; நிக்கோட்டின் பசியை அடக்கும். அவனுடைய கூலி அம்மாவின் மகளிர் குழுக் கடனுக்குப் போகிறது. விழிப்புணர்வுப் பேரணியில் அவனும் பதாகை பிடித்துப் போனவன்தான். புகையிலை கெடுதல் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அவனுடைய அப்பாவைப் பள்ளிக்கு அழைக்கவில்லை. நானே வீட்டுக்குப் போனேன். அவர் தன் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "நானே போடுறேன் சார், எந்த வாயால அவனைக் கேக்குறது?" என்றார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரையும் சேர்த்தே அழைத்துப் போனேன். ஞாயிறு வேலையை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று குறைத்ததோடு சரி. அந்தக் கடனுக்கு என்னிடம் விடையில்லை.

மருத்துவர் சொன்னதில் ஆசிரியர்களுக்கு வேண்டியது இது. நிக்கோட்டினை நிறுத்திய முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். பிறகு சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் அவன் முறைப்பான், எதிர்த்துப் பேசுவான். முன்பானால் அதற்கும் சேர்த்து அடி விழுந்திருக்கும். மற்ற ஆசிரியர்களிடம் காரணம் சொல்லாமல், "இந்த வாரம் மட்டும் அவனை விட்டுப் பிடியுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். தண்ணீர் குடிக்க நினைத்தபோது எழுந்து போகலாம் என்று அனுமதித்தோம். உடற்கல்வி ஆசிரியர் மாலையில் கபடிக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஊர்த் திருவிழாவில் மறுபடி போட்டுவிட்டு அவனே வந்து சொன்னான். மீண்டும் தொடங்கினோம். வளரிளம் பருவத்தில் ஆசையைத் தூண்டும் மூளைப்பகுதி முந்திக்கொள்கிறது. நிதானிக்கச் சொல்லும் முன்மூளை முதிர இருபது வயதைத் தாண்டுகிறது. ஒருமுறை சறுக்கியதை ஏமாற்றுவேலை என்று எடுத்துக்கொண்டால், அடுத்த முறை நம்மிடம் சொல்ல மாட்டான்.

கடைகளையும் பார்க்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 18 வயது நிறையாதவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் கணக்குப் பாடத்துக்காகவே டேப் பிடித்து அளந்தார்கள். 100 கஜம் ஏறக்குறைய 91 மீட்டர். இரண்டு கடைகள் அதற்குள் வந்தன. பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோரே நேரில் போய்ப் பேசினார்கள். குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பது கடைக்கார அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அவர் அன்றே நிறுத்திவிட்டார். மற்றவர் நிறுத்தவில்லை; காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகே நின்றது. இப்போது சில பையன்கள் பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறார்கள் என்பதும் உண்மை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பதை எங்கள் பள்ளியில் விட்டுவிட்டோம். அழுகிய வாயின் படங்களையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம். பிள்ளைகள் அவற்றைப் பார்க்காமலே கடந்து போகப் பழகியிருந்தார்கள். அதற்குப் பதிலாக, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பார்க்கச் சொல்கிறோம். சிரிப்பும் கூத்துமாக இருக்கும். ஆனால் "வேணாம்டா, கபடிக்கு மூச்சு வாங்கும்" என்ற பதிலை அவர்களேதான் கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் உதவி எண் 1098, போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய மூன்றையும் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

சந்தையில் பார்த்த அந்தப் பையனுக்கு இப்போது 20 வயது. இந்த ஜூன் மாதம் தேடிப் போய்ப் பேசினேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சொன்னேன். "மூட்டை வேலையை விட்டுட்டு எப்படி சார்?" என்றான். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் கட்டாயம் வர வேண்டும், மற்றதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி என் எண்ணை வாங்கிக்கொண்டான். விண்ணப்பத்துக்கு வேண்டிய அவனுடைய பழைய டி.சி.யின் நகலைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.