சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

காவிரிக் கரைப் பள்ளிக்கூடங்கள் – 11

லண்டனில் குடியேறிய தஞ்சாவூர்க் குடும்பங்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது முதலில் திகைப்பது பெயர்களைப் பார்த்துத்தான். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி என்று நினைப்போம். இங்கிலாந்தில் அது ஈட்டன் போல, பெரும்பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி. 11 வயதில் தேர்வு எழுதிச் சேர்வது 'கிராமர் ஸ்கூல்'. தேர்வில்லாமல் எல்லாரையும் சேர்ப்பது 'காம்ப்ரிஹென்சிவ்'. அரசுப் பணத்தில் அறக்கட்டளை நடத்துவது 'அகாடமி'. இவை போக, தேவாலயம் தொடங்கி, அரசு சம்பளம் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகள் மட்டும் இன்று 4,000-க்கு மேல். இந்த வாரம் அவற்றைப் பற்றித்தான். அவற்றின் வேர்களில் ஒன்று நம் மணலில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர் ஆண்ட்ரூ பெல் 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை மேற்பார்த்தார். ஒருநாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார்; ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான்.

பெல் பார்த்தது சென்னைப் பக்கத்தில். ஆனால் தஞ்சாவூர்ச் சீமைத் திண்ணைகளிலும் பாடம் நடந்த விதம் இதுதான். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் முப்பது நாற்பது பேர். முந்திக் கற்றவன் சட்டாம்பிள்ளை. அவன் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். மணலில் அரிச்சுவடி, கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும், கூடவே எண்சுவடி. நெல் அளக்கவும் நிலக் கணக்குப் பார்க்கவும் அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது.

மணலில் எழுதுவது, பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுப்பது என்ற இந்த முறையை பெல் 1797-ல் லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் பள்ளி நடத்த வழி தேடிய திருச்சபையினர், 1811-ல் நேஷனல் சொசைட்டி என்ற சங்கம் வைத்து, ஊர் ஊராக இந்த முறையில் பள்ளி திறந்தார்கள். 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பள்ளிகளுக்கென முதல்முறையாக 20,000 பவுன் ஒதுக்கியபோது, அதைப் பெற்ற இரண்டு சங்கங்களில் இது ஒன்று. தனியார் நிர்வாகம், அரசு மானியம் என்ற ஏற்பாடு அங்கே இப்படித்தான் வேர்பிடித்தது.

அந்த மானிய ஏற்பாட்டையே 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று படிக்கிறோமே, அது அதன் வழிவந்ததுதான். நிர்வாகம் ஆசிரியரை நியமிக்கும், அரசு சம்பளம் கொடுக்கும். இங்கிலாந்தின் 'வாலண்டரி எய்டட்' பள்ளியிலும் அதே கதை.

திண்ணை என்ன ஆயிற்று? 1822-ல் ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் 884 பள்ளிகள் கணக்கில் வந்தன. வாத்தியார்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது என்று மன்றோவே 1826-ல் எழுதினார். பின்னால் வந்த மானியம் கட்டடம் கேட்டது, பதிவேடு கேட்டது, இன்ஸ்பெக்டர் முன்னால் பரீட்சை கேட்டது. ஈடுகொடுத்த சில திண்ணைகள் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளாயின. பல ஓசையில்லாமல் நின்றன.

திண்ணையைப் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. வயலில் நாற்று நட்டவர்களின் சேரிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெண்பிள்ளைகளும் மிகச் சொற்பம். கடல் தாண்டிப் போன அந்த முறை, பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை. அந்தக் குறையைச் சொல்லாமல் இந்தப் பெருமையைச் சொல்லக் கூடாது.

1832-ல் இறந்த பெல், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரிலேயே நடக்கிறது. எட்டு வயது ஃப்ரிஸ்கனின் பெயரும் புத்தகத்தில் நிற்கிறது. மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த அந்தத் தமிழ் வாத்தியாரின் பெயரை மட்டும் யாரும் குறித்து வைக்கவில்லை.

உங்கள் பாட்டனுக்கோ பூட்டனுக்கோ திண்ணையில் எழுத்தறிவித்தவர் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள்.

(தொடரும்)