கோணமலைக் கடலில் மாலைப் படகு

கதிரவன் கடலில் இறங்குவதைக் காண விரும்புவோர் நீர்கொழும்புக் கரைக்கோ காலிமுகத்திடலுக்கோ செல்லுதல் வேண்டும். திருக்கோணமலையில் அக்காட்சி கிட்டாது. அங்கே ஞாயிறு கடலிலிருந்து எழுந்து, பகலெல்லாம் நிலத்தை நோக்கி நடந்து, மாலையில் காட்டுக்கும் குன்றுக்கும் பின்னால் மறைந்துவிடுகின்றது. இருந்தும், பிற்பகல் நான்கு மணியானதும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படகோட்டிகளிடம் விலைபேசும் பிரயாணிகள், அந்தி சாய்வதைக் கடலிலிருந்து பார்க்க வேண்டுமென்றே கேட்கின்றனர். கேட்பதில் பிழையில்லை. கிழக்குக் கரையின் மாலையும் காணத்தக்கதே. ஆனால் அது மேற்குக் கரையின் மாலையன்று. எதைப் பார்ப்பது, எத்திசை நோக்கி அமர்வது, எப்பொழுது திரும்புவது என்ற மூன்றுக்கும் அங்கே விடை வேறு. மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாமற் போவது உயிருக்கும் கேடாகலாம்.

பட்டினத்தின் கிழக்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் முனையே கோணமலை. அதன் கடற்புறம் 300 அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறை. கோட்டை வாயில் வழியாகக் கோவிலுக்குச் செல்வோர் அப்பாறையின் தலைமேல் நிற்கின்றனரேயன்றி அதன் முகத்தைக் காண்பதில்லை. இராவணன் வெட்டு என்று மக்கள் வழங்கும் பெரும் பிளவை மேலிருந்து எட்டிப் பார்ப்பது ஒன்று. அலைமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது வேறொன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அதே முனையிலே கோட்டை எழுப்பினர். எஞ்சிய கற்கள் பல பாறையடியில் கடலுக்குள் கிடந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் இவ்விடத்தில் நீரினுள் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டனர். இன்று உச்சியில் விளங்குவது 1963இல் குடமுழுக்குக் கண்ட கோவில். ஆகவே பாறையடியில் நிற்கும் படகிலிருப்பவருக்குத் தலைக்கு மேலே ஒரு கோவில், காலுக்குக் கீழே ஒரு கோவில்.

இடையிலே கோவிலின்றிக் கிடந்த காலத்திலும் மாலை வழிபாடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் சிலர், அந்தி வேளையில் அந்தணர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று பூவும் பழமும் தேங்காயும் கடலை நோக்கி எறிந்து பூசை செய்ததை எழுதி வைத்துள்ளனர். கோணமலையின் மாலை பிரயாணிகளுக்காக உண்டான காட்சியன்று என்பதற்கு இதுவே போதும்.

இனி வெளிச்சத்தின் கணக்கைப் பார்ப்போம். பாறையின் முகம் கிழக்கு நோக்கியது. நண்பகல் கழிந்ததும் அது நிழலில் ஆழ்கின்றது. சூரியன் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில் நிற்கும்போது, அதாவது மறைவதற்கு ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு முன்னர், அம்மலையின் நிழல் 2000 அடி தூரம் கடலில் விழும். 20 நிமிடத்துக்கு முன்னர் அது இருமடங்காகும். பாறையடியிற் படகை நிறுத்திவிட்டு மாலை வெயிலைத் தேடுவோர் இந்நிழலுக்குள்ளேதான் இருக்கின்றனர். மலைமுகம் பொன்னிறம் பெறுவதைக் காண வேண்டுமாயின் அதிகாலையிற் செல்வதே முறை. மாலையிற் செல்வோர் கோணமலைக்கு வடக்கேயுள்ள குடாவிற் படகை நிறுத்துவது நன்று. யூன், யூலை மாதங்களில் சூரியன் நேர்மேற்கில் அன்றி, அதற்கு 23 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே விலகி மறைகின்றது. அப்போது மலையின் வடமேற்குச் சரிவில் கடைசி வெயில் படுகின்றது. கீழைக் கடல் படகுக்கு இணங்கும் காலமும் அதுவே.

அந்தி ஏன் சிவக்கின்றது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. தாழ்ந்த சூரியனின் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைப்போல ஏறத்தாழ 40 மடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. வழியில் நீலம் சிதறிப்போகச் சிவப்பு எஞ்சுகின்றது. கடலின் நீலம் வானத்தின் நிழல் மட்டுமே என்ற எண்ணத்தை 1921இல் கப்பற் பயணத்தின்போது ஐயுற்று, நீரும் தானே ஒளியைச் சிதறச் செய்கின்றது என்று நாட்டியவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். அந்த ஆராய்ச்சியின் வழியே சென்றவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. படகில் அமர்ந்து கடலின் நிறத்தை வீணே நோக்கியிருப்பவரை எவரும் இகழ வேண்டியதில்லை.

திருக்கோணமலைக் கடலுக்கே உரிய சிறப்பு மேற்கில் இல்லை, கிழக்கில் உள்ளது. சூரியன் மறைந்த சில நிமிடங்களில், படகிலிருப்போர் நிலத்துக்கு முதுகு காட்டித் திறந்த கடலை நோக்குவாராக. அடிவானத்தை ஒட்டிக் கருநீலச் சாம்பல் நிறமான ஒரு பட்டை கடலிலிருந்து எழும்பி நிற்கும். அதன் மேல் இளஞ்சிவப்பான மற்றொரு பட்டை. பலர் முன்னதை மேகம் என்றோ தூரத்து மழை என்றோ கருதிவிடுகின்றனர். அது நாம் வாழும் பூமியின் நிழல். பூமியுருண்டை சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் தன் நிழலை வானவெளியில் வீழ்த்துகின்றது. அந்நிழல் காற்றுமண்டலத்திற் படும் விளிம்பே அக்கருநீலப் பட்டை. சூரியன் எவ்வளவு தாழ்கின்றதோ அவ்வளவுக்கு அது உயர்கின்றது. ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் அதன் விளிம்பு மங்கி, இரவோடு கலந்துவிடும். மரமும் வீடும் மறைக்காத அடிவானம் வேண்டுமாதலால் இதைக் காணக் கடலினும் சிறந்த இடம் அரிது. கொழும்புக் கரையில் நிற்போர் இதற்கென நகரத்தின் பக்கம் திரும்பவேண்டும். அங்கே கூரைகளே தெரியும்.

பூரணைக்கு முன்னாள் மாலையிற் சென்றால் இன்னும் நன்று. பூரணையன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டியே சந்திரன் எழும். அதற்கு முன்னாளில் ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி எழுவதால், பகலொளி தீருமுன்னே அது கடலுக்கு மேலே சற்று உயர்ந்து நிற்கும். பிறகு பூமியின் நிழல் அதன் கீழாக எழும். ஒரு பக்கம் கதிரவனும் மறுபக்கம் திங்களுமாகப் படகு நடுவில் நிற்பதைக் காண்போர், கொடுத்த கூலி பெரிதென்று சொல்லமாட்டார்கள்.

இக்காட்சிகளுக்கெல்லாம் காலம் மிகக் குறுகியது. திருக்கோணமலை எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கே சூரியன் சரிந்து செல்லாமல் ஏறத்தாழ நேராக இறங்குகின்றது. யூன் மாத இலண்டனில், சூரியன் மறைந்தபின் வெளியே நடமாடப் போதிய வெளிச்சம் முக்கால் மணிநேரம் வரை தங்கும். இங்கே அது 22 நிமிட அளவினதே. குளிர்நாடுகளிலிருந்து வருவோர் தம் ஊர்க் கணக்கை மனத்திற்கொண்டு, இன்னும் சற்றுநேரம் இருக்கலாமே என்று படகோட்டியை வற்புறுத்துகின்றனர். படகோட்டியும் கூலி தருபவரின் முகத்தை முறிக்க விரும்பாது இணங்குகிறார். தீங்கு பெரும்பாலும் இந்த இடத்திலேதான் தொடங்குகின்றது.

தீங்கின் பெயர் கச்சான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது உலர்ந்து வெப்பமேறிக் கச்சானாக வீசுகின்றது. பிற்பகலில், நிலம் கடலிலும் விரைவாகச் சூடேறுவதால் எழும் கடற்காற்று இதனை எதிர்த்து நிற்கும் நாள்கள் பல. வெயில் தாழ்ந்ததும் கடற்காற்று ஓய்கின்றது. தடுப்பாரின்றிக் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசத் தலைப்படுகின்றது. மேல்காற்று, கீழ்க்கரை: அதாவது, காற்றின் விருப்பமெல்லாம் படகைக் கரையிலிருந்து அகற்றுவதே.

கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. அதுவே இதன் வஞ்சகம். அலை எழுவதற்குக் காற்று நீரின்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் அத்தூரம் இல்லை. ஆகவே கரையருகே கடல் குளம்போல் கிடக்கும். வெளியே செல்லச் செல்ல அலை வளரும். போகும்போது காற்று முதுகிலிருந்து தள்ளுவதால் படகு இலகுவாக ஓடும்; எவருக்கும் காற்று வீசுவதே தோன்றாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். அணியத்தில் மோதும் அலை நீரை உள்ளே வீசும். எரிபொருள் போனதிலும் மிகுதியாகச் செலவாகும். அவ்வேளையில் இயந்திரம் நின்றுபோயின், மேற்குக் கரையில் அலையாவது படகைக் கரைக்குத் தள்ளக்கூடும். இங்கே படகு மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் வீதம் வங்காள விரிகுடாவுக்குள் ஒதுங்கிப்போகும். நங்கூரமிட்டு நிறுத்தலாமே எனின், கொட்டியாரக் குடாவிலிருந்து பெரும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கிழக்கே இறங்குகின்றது. கரைக்கு அணித்தாகவே ஆழம் கயிற்றுக்கு எட்டாததாகிவிடும். நீலத் திமிங்கிலங்கள் கரையோரம்வரை வருவதற்குக் காரணமான அதே ஆழம், நங்கூரத்துக்குப் பகையாகின்றது.

வாடை வீசும் மார்கழி, தை மாதங்களில் இக்கேள்வியே எழாது. அப்போது கடல் தானே வேண்டாமென்று சொல்லிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் உண்டு. வெளியான கடலில் மின்னலுக்கு உயர்ந்து தெரிவது படகொன்றே. வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்கென வெளியிடும் அறிவித்தல் உல்லாசப் படகுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

இதனாலேயே தனிப்படகு அமர்த்துவோர் கூலியை மட்டும் பேசி ஏறுவது அறிவுடைமையாகாது. தனிப்படகில் நன்மை உண்டு. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அமைதியாக இருக்கலாம். விரும்பிய இடத்தில் தங்கலாம். பிறர் இரைச்சல் இல்லை. ஆனால் கூட்டமாகச் செல்லும் படகுகளில் ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். தனியாகச் சென்றதற்கு அத்துணை இல்லை. ஆதலின், ஆளுக்கொன்றாக உயிர்காப்பு அங்கி இருக்கின்றதா, அது ஆசனத்தின் கீழ் முடங்கிக் கிடவாமல் உடலில் அணியத் தக்கதா, துடுப்பும் விளக்கும் உள்ளனவா, எரிபொருள் திரும்பிவருவதற்குக் கணக்கிடப்பட்டதா என்பவற்றைக் கரையிலேயே பார்க்கவேண்டும். திரும்பும் நேரத்தையும் அங்கேயே முடிவு செய்து, கரையில் நிற்கும் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். இடையில் அதை நீட்டும் உரிமை பிரயாணிக்கு இல்லை. திரும்பவேண்டும் என்று சொல்லும் உரிமை படகோட்டிக்கு எப்போதும் உண்டு. இதைச் சொல்லத் தயங்காத படகோட்டிக்குக் கூலி சற்றுக் கூடினும் கொடுக்கலாம். சிறந்த நேரம், சூரியன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்னே புறப்பட்டு, பூமியின் நிழல் மங்கும்போது அணியம் கரைநோக்கித் திரும்பியிருப்பதே.

செல்லக்கூடாத இடங்களும் உள. உள்துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. இப்போது இலங்கைக் கடற்படையின் தளம் அங்கே உள்ளது. அனுமதியின்றி அவ்வழியே படகு விடலாகாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. பவளப்பாறை சூழ்ந்த அதன் ஓரத்தில் இருளில் படகு செலுத்துவது பாறைக்கும் படகுக்கும் ஒருங்கே கேடு.

வலைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரயாணிகள் கடலுக்குள் போகும் அதே மாலைவேளைதான் மீனவர் பலர் இரவுக்கு வலை விரிக்கும் வேளை. பகலில் ஆழத்தில் தங்கும் சிறுமீனும் கணவாயும் இருட்டியபின் மேலெழுகின்றன. டொல்பின்கள் கூட்டமாகக் கடலுக்குள் விரைவதும் அந்த இரையை நாடியே. நீரில் மிதக்கும் சிறு மிதப்புகளை அந்தியொளியில் காண்பது கடினம். ஒரு படகின் சுழலி வலையொன்றைக் கிழித்துச் சென்றால், அதிலிருப்போர் அதை உணர்வதுகூட இல்லை; வலைக்குரியவனுக்கோ அது பல வாரத்து உழைப்பு. உள்ளூர்ப் படகோட்டிகள் யாருடைய வலை எங்கே கிடக்கும் என்பதை அறிந்தவர்கள். அவர்கள் நேர்வழியை விட்டுச் சுற்றிச் செல்லும்போது, வழி தெரியாமல் சுற்றுகின்றனர் என்று எண்ணி அவசரப்படுத்துவோர் உண்டு. அந்தச் சுற்றுவழியிலே, இருட்டும் நன்கு கவிந்த நாள்களில், படகின் பின்னால் கலங்கும் நீர் பச்சை நீலமாக மின்னுவதைச் சிலவேளை காணலாம். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கலக்கப்படும்போது வெளியிடும் ஒளி அது. நிலவுள்ள இரவில் அது தெரியாது.